கேள்வி எங்கே பழுது? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆராய்ச்சிக் கேள்விகளைச் சரிசெய்யும் வழி

அறிவியல் கண்காட்சியோ செயல்திட்டமோ வந்துவிட்டால் பள்ளியில் முதலில் கேட்கிற சத்தம் "தலைப்பு என்ன?" என்பதுதான். இந்தத் 'தலைப்பு' என்ற சொல்லை என் வகுப்பில் நான் விட்டுவிட்டேன். "உன் கேள்வி என்ன?" என்றுதான் கேட்கிறேன். தலைப்பு இருந்தால் சார்ட் ஒட்டலாம். ஆராய்வதற்குக் கேள்வி வேண்டும்.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் மூன்று இங்கே நமக்குப் போதும். விடை தெரிந்தவர் மற்றவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் ஒரு பிள்ளையிடம் கேட்கப்பட்டதெல்லாம் அறிவினாதான். ஆசிரியர் கேட்பார், பிள்ளை விடை சொல்லும். ஆராய்ச்சிக்கு வேண்டியதோ அறியா வினா, சில சமயம் ஐய வினா. கேட்க வேண்டிய ஆளே மாறிவிடுகிறார். அதனால் பிள்ளைகள் எழுதும் கேள்வி கோணலாக இருந்தால் அதை அவர்களுடைய குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அந்தக் கோணலே காட்டிக் கொடுக்கும்.

பிள்ளை எழுதிக் கொடுத்த கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

அறிகுறி: தாள் வெறுமையாக இருக்கிறது. "டீச்சர், நீங்களே ஏதாவது குடுங்க."

இங்கே தலைப்பைக் கொடுத்துவிட்டால் அந்த வேலை அத்தோடு உங்களுடையது. தலைப்புக்குப் பதிலாக ஒரு பொருளைக் கொடுங்கள். மழைக்காலம் என்றால் பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் கொட்டாங்குச்சியே போதும். அதில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மேஜை நடுவில் வையுங்கள். பத்து நிமிடம், கேள்வி மட்டும். நான்கு விதிகள்: எத்தனை கேள்வி வருகிறதோ அத்தனையும் கேட்கலாம், நடுவில் யாரும் விடை சொல்லவோ நல்ல கேள்வி மோசமான கேள்வி என்று மதிப்பிடவோ கூடாது, கேட்டதைக் கேட்ட சொற்களிலேயே எழுத வேண்டும், யாராவது ஒரு செய்தியைச் சொன்னால் அதைக் கேள்வியாக மாற்றிச் சொல்லச் செய்ய வேண்டும்.

இந்த விதிகள் என்னுடையவை அல்ல. அமெரிக்காவில் ரைட் கொஸ்டின் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பின் டான் ராத்ஸ்டைனும் லூஸ் சந்தானாவும் பரப்பிய முறை இது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்தில் படிப்பை விட்டு நிற்கும் பிள்ளைகளுக்காக அவர்கள் வேலை செய்தபோது, பள்ளிக்கு வந்தால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை, அதனால்தான் வருவதில்லை என்று பெற்றோர்கள் சொன்னார்களாம். அந்த இடத்திலிருந்து பிறந்தது இது. பள்ளி வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் பெற்றோர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். அதனால் இது கண்காட்சிக்கு மட்டுமான பயிற்சி என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது விதியைத்தான் ஆசிரியர்கள் மீறுவோம். ஒரு பையன் "இதுக்குப் பசிக்குமா?" என்று கேட்டால் "நல்ல கேள்விப்பா!" என்று வாயில் வந்துவிடும். பாராட்டுத்தானே என்று நினைக்காதீர்கள். பாராட்டு கிடைக்காத அடுத்த நான்கு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே போங்கள், முகத்தில் எதையும் காட்டாமல்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க: பத்து நிமிடத்தின் கடைசியில் வந்த கேள்விகளைப் படியுங்கள். முதலில் வருவது புத்தகக் கேள்வியாக இருக்கும். சொந்தக் கேள்வி தாமதமாகத்தான் வரும். கடைசி ஐந்தும் புத்தக வாடை அடித்தால் பொருள் சரியில்லை என்று அர்த்தம். வேறு பொருளை வையுங்கள்.

அறிகுறி: கேள்விக்கு ஒரே வரியில் விடை முடிந்துவிடுகிறது.

"கொசுவுக்கு எத்தனை கால்?" "டெங்கு எந்தக் கொசுவால் பரவுகிறது?" இவை பாடநூலின் பின்பக்கக் கேள்விகள். பிள்ளைக்குத் தெரிந்த கேள்வி வடிவம் அது ஒன்றுதான் என்பதால் அதையே தருகிறது.

நான் வைக்கும் சோதனை ஒரு நிமிடம்தான். செல்போனிலோ புத்தகத்திலோ ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டால் அது படிக்கல், வீடு இன்னும் மேலே இருக்கிறது. படிக்கல்லைத் தூக்கி எறியாதீர்கள். விடையை எழுதிவைக்கச் சொல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓரளவு தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிடும், பெரும்பாலும் பகலில் கடிக்கும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இவ்வளவும் ஒரு நிமிட விடைகள். இப்போது அதே பிள்ளையிடம், "இது எல்லா ஊருக்கும் பொதுவான விடை. நம்ம ஊருக்கு மட்டும் தெரியாதது என்ன?" என்று கேளுங்கள்.

என் வகுப்பில் இப்படி வந்தது: "எங்கள் தெருவில் கொட்டாங்குச்சி, பழைய டயர், சிமென்ட் தொட்டி, பூந்தொட்டித் தட்டு இவற்றில் எதில் கொசுப்புழு அதிக இடங்களில் இருக்கிறது?" இதற்கு எந்தத் தேடுபொறியிலும் விடை கிடையாது. தெருவில் இறங்கி எண்ணியே ஆக வேண்டும். அப்புறம் ஒரு வேலை. எண்ணி முடித்ததும் அந்தத் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆராய்ச்சிக்காகக் கொசு வளர்த்ததாக ஆகிவிடக்கூடாது.

அறிகுறி: "தாக்கங்கள் – ஓர் ஆய்வு"

"நெகிழிப் பயன்பாட்டின் தாக்கங்கள் – ஓர் ஆய்வு." "புவி வெப்பமயமாதலும் நாமும்." கண்காட்சி அரங்குகளில் வரிசையாகப் பார்க்கலாம். இது கேள்வியே இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி, ஆறாம் வகுப்பு இலக்கணம். எ, யா, ஆ, ஓ, ஏ என்ற வினா எழுத்துகளில் ஒன்றாவது அந்த வாக்கியத்தில் வேலை செய்கிறதா என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். 'ஆய்வு' என்பதில் முதல் எழுத்து 'ஆ' இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். இருக்கிறது, ஆனால் அது எதையும் கேட்கவில்லை. இந்த வித்தியாசத்தை அந்த வகுப்பு அன்றைக்குத்தான் உண்மையாகப் புரிந்துகொண்டது.

சிலர் கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொண்டுவருவார்கள்: "நெகிழியின் தாக்கங்கள் என்ன?" வினா எழுத்து வந்துவிட்டது, அளவு மட்டும் கடலாகவே இருக்கிறது. இதைச் சுருக்கத்தான் பிள்ளைகளுக்கு அதிகம் கைத்தாங்கல் தேவை. "சின்னதாக்கு" என்றால் அவர்களுக்குப் புரிவதில்லை. எந்தப் பக்கம் சின்னதாக்குவது என்று காட்ட வேண்டும். நான் நான்கு கேள்வி கேட்பேன்: எந்த இடம்? யார், அல்லது எந்தப் பொருள்? எந்த நேரம்? எதை எண்ணுவது?

ஒரு மாணவனோடு நடந்ததை அப்படியே தருகிறேன்.

"நெகிழியில எது?" – "கேரி பேக் டீச்சர்."
"எங்கே பார்ப்பாய்?" – "எங்க தெரு மளிகைக் கடையில."
"அங்கே எதை எண்ண முடியும்?" – "எத்தனை பேர் கவர் கேக்குறாங்கன்னு."
"கவர் வேண்டாதவர்கள் என்ன செய்கிறார்கள்?" – கொஞ்சம் யோசித்துவிட்டு – "மஞ்சப்பை கொண்டு வருவாங்க. இல்லன்னா கையில எடுத்துட்டுப் போவாங்க."
"எல்லா நேரமும் ஒரே மாதிரியா?" – "இல்ல டீச்சர். சாயங்காலம் வேலை விட்டு வர்றவங்ககிட்ட பை இருக்காது."

இந்தக் கடைசி வரியில்தான் கேள்வி பிறந்தது. அவனே எழுதினான்: "எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் பை கொண்டு வருபவர்கள் காலை 7 முதல் 8 வரை அதிகமா, மாலை 6 முதல் 7 வரை அதிகமா?" தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இவற்றை அவன் முன்னுரையில் எழுதலாம். ஆனால் ஆணை வந்த பிறகும் கடை வாசலில் என்ன நடக்கிறது என்பதை அந்தத் தெருவில் அவனைத் தவிர யாரும் எண்ணவில்லை.

கவனித்தீர்களா, நான் ஒரு விடையைக்கூட அவனுக்குத் தரவில்லை. அந்த உரையாடலுக்கு நான்கு நிமிடம் ஆனது. நாற்பது பேர் வகுப்பில் எல்லோரிடமும் இப்படிப் பேச முடியாது என்பது உண்மைதான். அதனால் ஒருவரோடு எல்லோர் முன்னாலும் பேசிக் காட்டிவிட்டு, அந்த நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்மைவிடக் கறாராகக் கேட்கிறார்கள்.

அறிகுறி: கேள்விக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கிறது.

"செல்போன் டவரால் சிட்டுக்குருவி இனம் ஏன் அழிகிறது?" பல வருடமாக இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. எழுதுகிற பிள்ளைக்குக் குருவி மேல் உண்மையான பாசம். அதனால் இதைத் திருத்தும்போது கை மென்மையாக இருக்க வேண்டும்.

கேள்விக்குள் இரண்டு முடிவுகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன: குருவி அழிகிறது, காரணம் டவர். பிள்ளையிடம் இரண்டையும் பென்சிலால் வட்டமிடச் சொல்லி, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். "எல்லாரும் சொல்றாங்க" என்று பதில் வரும். 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையை அப்போது எடுத்துக் காட்டலாம். நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்கள் பதிந்த கணக்கை வைத்துச் செய்தது அது. சிட்டுக்குருவி எண்ணிக்கை இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றது அந்த அறிக்கை. டவர்தான் காரணம் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை.

இதைச் சொன்னதும் சில பிள்ளைகளின் முகம் வாடிவிடும், கேள்வியே போய்விட்டது என்று. போகவில்லை. முடிவுகளை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: குருவி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை? குருவி ஓட்டு இடுக்கு, சுவர்ப் பொந்து மாதிரி இடங்களில் கூடு கட்டும். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். அப்படியானால், "எங்கள் ஊரில் ஓட்டு வீடுகள் உள்ள தெருவிலும் மாடி வீடுகள் உள்ள தெருவிலும் காலை 7 மணி முதல் அரை மணி நேரத்தில் எத்தனை குருவிகள் தென்படுகின்றன?" என்று கேட்கலாம். பத்து நாள் எண்ணினால் ஒரு வித்தியாசம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். எந்த விடை வந்தாலும் பிள்ளை ஏற்றுக்கொள்ளும்படி இருந்தால்தான் அது கேள்வி. "நீ நினைக்கிறதுக்கு மாறா வந்தா என்ன எழுதுவ?" என்று கேட்டுப் பாருங்கள். "அப்படி வராது டீச்சர்" என்றால் இன்னும் சரியாகவில்லை.

அறிகுறி: பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது.

"செல்போனால் நன்மையா தீமையா?" இது பேசுவதற்கு நல்ல தலைப்பு. இரண்டு பக்கமும் வாதாடலாம், நடுவர் தீர்ப்புச் சொல்லலாம். ஆராய்ச்சியில் நடுவர் கிடையாது. 'நன்மை', 'தீமை', 'சிறந்தது' போன்ற சொல்லை அடித்துவிட்டு, "தீமைன்னா என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். தூக்கம் கெடும் என்பார்கள். சரி, தூங்கப் போகும் நேரத்தை எழுதிவைக்க முடியும். "இரவு சாப்பிட்ட பிறகு செல்போன் பார்த்த நாட்களில் நான் எத்தனை மணிக்குத் தூங்கப் போனேன், பார்க்காத நாட்களில் எத்தனை மணிக்கு?" ஒரே பிள்ளையின் இரண்டு வாரக் குறிப்பு. சின்னதுதான், ஆனால் கேள்வி நேர்மையாக இருக்கிறது.

அறிகுறி: ஆமாம், இல்லை என்று முடிந்துவிடுகிறது.

'ஆ' ஓசையில் முடிகிற எல்லாக் கேள்வியும் மோசமில்லை. மஞ்சப்பைக் கேள்விகூட அப்படித்தான் முடிந்தது. "எங்கள் தெரு வீடுகளில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா?" என்பதில் குறை, அது பாதியில் நிற்பதுதான். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமானது, எனவே பல வீடுகளில் இருக்கும். "எத்தனை வீடுகளில் மொட்டை மாடிக் குழாய் இன்னும் தொட்டியோடு இணைந்திருக்கிறது?" என்று எத்தனையைச் சேர்த்தால் போதும், கேள்வி நடக்கத் தொடங்கிவிடும்.

அறிகுறி: ஒரே கேள்விக்குள் மூன்று கேள்வி.

"உப்பு, வெயில், பாத்திரம் இவற்றால் இட்லி மாவு எப்படிப் புளிக்கிறது?" ஆர்வம் அதிகமாகிவிட்ட பிள்ளை எழுதுவது. மூன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதச் சொல்லி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். உப்பு என்றால் உப்பு மட்டும். ஒரே தடவை அரைத்த மாவு, ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரே இடம். ஒன்றில் இரவே உப்பு, இன்னொன்றில் உப்பில்லை. காலையில் ஸ்கேல் வைத்து எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். வீட்டில் அம்மாவும் பாட்டியும் இதைப் பற்றி ஏற்கெனவே கருத்து வைத்திருப்பார்கள், அதையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அறிகுறி: கேள்வி அருமை, ஆனால் சான்று நமக்கு எட்டாது.

வரலாற்றில் இது அடிக்கடி வரும். கீழடிக்குச் சுற்றுலா போய்வந்த வகுப்பில் ஒருத்தி, "அங்கே இருந்த மக்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள்?" என்று எழுதினாள். பெரிய கேள்வி. அகழாய்வு செய்கிறவர்களே யோசிக்கிற கேள்வி. அதை அவளிடம் அப்படியே சொன்னேன், ஏனென்றால் உண்மை அது. ஆனால் ஒரு மாதத்தில் அவளால் தொட முடியாது.

'ஏன்' என்று தொடங்கும் கேள்வியைக் கொஞ்சம் கீழே இறக்கி 'எதை வைத்து' என்று மாற்றினால் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். கீழடியில் 2014-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது, நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2023-இல் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள், பொருள்களை நேரில் பார்க்கலாம். அவளுடைய கேள்வி இப்படி மாறியது: "கீழடியில் நெசவு நடந்தது என்று எந்தெந்தப் பொருள்களை வைத்துச் சொல்கிறார்கள்?" நூல் நூற்கும் தக்களி அவள் கண்ணால் பார்த்த பொருள். பழைய கேள்வியை அழிக்க விடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பெரியவள் ஆனதும்' என்று எழுதி அதன் கீழே வைத்தோம்.

அறிகுறி: எல்லாம் சரி, பிள்ளைக்குத்தான் ஆசையில்லை.

இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் தாளில் ஒரு பிழையும் இருக்காது. "இதை ஏன் எடுத்தாய்?" என்று கேளுங்கள். "டீச்சர் சொன்னாங்க" என்றோ, "போன வருஷம் இதுக்குத்தான் பரிசு கிடைச்சது" என்றோ வந்தால் நிறுத்திவிடுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய வேண்டும் என்பது அதன் அடிப்படை. மாநில அளவுக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் கேள்வியை நாமே எழுதிக் கொடுத்து, பிள்ளையை மனப்பாடம் செய்ய வைப்பது பல இடங்களில் நடக்கிறது. எனக்கு அதில் மிகவும் வருத்தம் உண்டு. நானும் ஒரு வருடம் அதைச் செய்தேன். அந்தப் பிள்ளை மேடையில் நன்றாகப் பேசினாள், திரும்பி வந்த பிறகு அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

செய்ய வேண்டியது: முதல் நாள் கேள்விப் பட்டியலுக்குத் திரும்பிப் போக வேண்டும். அதிலும் பிடித்தது இல்லையென்றால், "உங்க வீட்டில தினமும் யாராவது அலுத்துக்கிற விஷயம் எது?" என்று கேளுங்கள்.

எட்டாம் வகுப்பில் ஒருத்தி, "தண்ணி" என்றாள். அவர்கள் வீடு தெருவின் கடைசி. குழாயில் தண்ணீர் விடும் நாளில் அம்மா விடியற்காலையில் எழுந்து காத்திருப்பாராம். அவள் எழுதிய கேள்வி: "எங்கள் தெருவில் முதல் வீட்டில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம், கடைசி வீட்டில் எத்தனை நிமிடம்?" ஒரே குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். தண்ணீர் விட்ட ஆறு நாட்களும் எழுதினாள். கடைசி வீட்டுக்கு நேரம் அதிகம் என்று முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு வீட்டின் கணக்கு மட்டும் ஒட்டவில்லை. தெருவின் பாதியிலேயே இருக்கிற வீடு, அங்கேயும் குடம் மெதுவாகத்தான் நிறைந்தது.

நோட்டை நீட்டிக்கொண்டு வந்து அவள் கேட்டது இது: "டீச்சர், கடைசி வீடுங்கிறதாலயா, மேடுங்கிறதாலயா?"

எனக்குத் தெரியவில்லை, அதை அவளிடம் சொன்னேன். மேடு எவ்வளவு என்று எப்படி அளப்பது என்று இருவரும் யோசித்தோம். அவள் அப்பா கொத்தனார். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் டியூப் வீட்டிலேயே இருந்தது. சனிக்கிழமை அப்பாவும் மகளுமாக ஒரு முனையை முதல் வீட்டு வாசலில் பிடித்துக்கொண்டு தெருவை அளக்கத் தொடங்கினார்கள்.